விரலிடுக்கில் ஒரு கண்

1

ஒரு காரியம் சரியாக நடக்கும்போது அதைச் செய்தவன் கண்ணில் படுவதில்லை, தவறும்போதுதான் படுகிறான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. நம் வட்டத்தில் இரண்டாவது வகையினரே அதிகம். சில நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுவதே ஒரு ஒழுக்கம் என்ற எண்ணம் வெகுநாளாக நம்மிடையே இருந்துவருகிறது. காணப்படாமல் இருப்பது நேர்மைக்கு அத்தாட்சி ஆகுமா என்பதுதான் என் கேள்வி. இதை இலக்கியத்தில் வைத்துக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் மனதில் ஓடும். கேள்வி பின்னுக்குப் போய் வம்பு முன்னுக்கு வந்துவிடும். ஆகவே நம்மில் யாருக்கும் வேண்டியவரோ வேண்டாதவரோ அல்லாத ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயின் நாட்டுக் கால்பந்தாட்டக்காரர் செர்ஜியோ புஸ்கெட்ஸ். நடுக்களத்தில் நின்றவர்.

சிற்றேட்டில் கால்பந்து எதற்கு என்று கேட்பவர்களிடம், காம்யூ கோல்கீப்பராக இருந்தவர்தானே என்ற பதிலை நான் சொல்லப்போவதில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அது. செயலும் அதைப் பார்க்கும் கண்களும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒளிவில்லாமல் எதிரெதிரே இருக்கிற தளங்கள் குறைவு. மைதானம் அவற்றில் ஒன்று. இந்தக் காரணம் போதும்.

புஸ்கெட்ஸ் 1988 ஜூலை 16ல் சபதெல் நகரில் பிறந்தவர். வளர்ந்தது பதியா டெல் வாயெஸ் என்ற ஊரில். பார்ஸிலோனாவுக்குப் பக்கத்தில், 1970களில் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு அது. தகப்பனார் கார்லெஸ் புஸ்கெட்ஸ் பார்ஸிலோனா அணியின் கோல்கீப்பராக இருந்தவர். கையைவிடக் காலை அதிகம் நம்பிய கோல்கீப்பர். 1991ல் ராட்டர்டாமில் நடந்த ஒரு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் நின்றார். பார்ஸிலோனா 2-1 என்று மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது. மைதானத்தில் இருக்கும் பதினோரு பேரில் கோல்கீப்பரின் பிழை மட்டும்தான் உடனே எண்ணாக மாறிப் பலகையில் ஏறுகிறது. பார்க்கப்படுவது என்றால் என்ன என்பதை மகன் வீட்டிலேயே அறிந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். இதன்மேல் எதையும் கட்டப்போவதில்லை.

2005ல் பார்ஸிலோனாவின் இளைஞர் அணிக்கு வந்தார். 2007-08ல் பெப் குவார்டியோலா அந்தச் சங்கத்தின் இரண்டாம் அணியை ஸ்பெயினின் நான்காம் படி லீகில் நடத்தியபோது அதில் ஆடினார். அடுத்த ஆண்டு குவார்டியோலா முதல் அணிக்குப் பயிற்சியாளரானதும் இவரையும் கூடவே அழைத்துக்கொண்டார். 2008 செப்டம்பர் 13ல் ரஸிங் சன்டான்டேருக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். அடுத்த மே மாதம் 27ந் தேதி ரோமில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், அதே மான்செஸ்டர் யுனைடெட், 2-0. அந்த இடத்தில் அதுவரை நின்றுவந்த யாயா டூரே பின்வரிசைக்குப் போக, இருபது வயதுப் பையன் நடுவில் நின்றான். பிறகு பதினான்கு வருஷம் அந்த இடம் வேறு ஒருவருக்கும் முழுமையாகப் போகவில்லை.

2

அந்த இடம் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தற்காப்பு வரிசைக்கு முன்னால், மற்ற நடு ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் தனியாக ஒருவன். ஸ்பானியர்கள் அவனை அச்சு என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். க்ராய்ஃப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் குவார்டியோலாவே அந்த இடத்தில் ஆடியவர். அங்கே நிற்பவனுக்கு வேகம் அவசியமில்லை. புஸ்கெட்ஸிடம் அது இருக்கவும் இல்லை. நெடிய, ஒடிசலான தேகம். முரட்டுத்தனமோ நெஞ்சை அள்ளும் உதையோ கிடையாது. பந்து தன்னிடம் வருமுன்னரே தலை இரண்டு மூன்று தடவை திரும்பும். யார் எங்கே, யாருடைய உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த இடைவெளி இன்னும் ஒரு விநாடியில் மூடும் என்பதெல்லாம் அதற்குள் கணக்கிடப்பட்டாகிவிடும். பந்து வந்ததும் ஒரே தொடுகை. சாவியின் காலுக்கோ இனியெஸ்டாவின் காலுக்கோ போய்விடும். பார்ப்பவன் கண்ணும் பந்தோடு போய்விடும். பிக்கேவுக்கும் புயோலுக்கும் நடுவில் இவர் இறங்கி நின்றதால்தான் வலப்பக்கத்து தற்காப்பாளர் ஆல்வெஸ் எதிரியின் கோல் வரை ஓட முடிந்தது. கைதட்டல் ஆல்வெஸுக்கு.

பார்ஸிலோனாவுக்காக 722 ஆட்டங்கள். கோல்கள் 18. ஸ்பெயினுக்காக 143 ஆட்டங்கள். கோல்கள் 2. ஒன்பது லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், 2010 உலகக் கோப்பை, 2012 ஐரோப்பிய தேசங்களின் கோப்பை இவற்றுக்கு எதிரே இந்த இருபது கோல்களை வைத்துப் பாருங்கள். ஸ்பெயினின் பயிற்சியாளர் விஸென்டே டெல் போஸ்க் சொன்னதாக ஒரு வாசகம் பிரசித்தம்: ஆட்டத்தைப் பார்த்தால் புஸ்கெட்ஸ் தெரியமாட்டார், புஸ்கெட்ஸைப் பார்த்தால் ஆட்டம் முழுவதும் தெரியும் என்பது அதன் சாரம்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் எலியட் ஞாபகம் வராமல் இருக்காது. 1919ல் அவர் எழுதிய மரபு பற்றிய கட்டுரையில் கவிஞனின் மனதைப் பிளாட்டினத் துண்டுக்கு ஒப்பிடுகிறார். அது இருந்தால் இரண்டு வாயுக்கள் சேர்ந்து அமிலமாகின்றன, விளைந்த அமிலத்தில் பிளாட்டினத்தின் சுவடே இல்லை, பிளாட்டினமும் மாறுவதில்லை. சுயத்தை அழித்துக்கொள்வதுதான் கலைஞனின் முன்னேற்றம் என்பது வாதம். எனக்கும் இது வெகுகாலம் வேதவாக்காகவே இருந்தது. தன் கவிதையில் தான் தெரிவதற்காகச் செருமிக்கொண்டே இருக்கும் கவிஞர்களைப் படித்துச் சலித்த எவனுக்கும் இது ஆறுதலாகத்தான் இருக்கும்.

என் பிழைப்பும் இதற்கு ஒத்தாசை செய்தது. வங்கியில் வேலை. மாலையில் ரொக்க இருப்பும் கணக்கும் ஒத்துப்போனால் காஷியரின் முகம் எப்படியிருக்கும் என்று கூட யாருக்கும் தெரியாது. ஐம்பது ரூபாய் உதைத்தால் போதும், கிளை முழுவதும் அந்தக் கவுண்டரைச் சுற்றி நிற்கும். எல்லாம் கணினிக்குப் போன பிறகும் இதில் மாற்றமில்லை. காணப்படாமல் இருப்பதே சரியாக இருப்பதன் அடையாளம் என்ற முடிவுக்கு இப்படிப்பட்ட உத்தியோகம் ஒருவனைச் சுலபமாகக் கொண்டுசேர்த்துவிடும். புஸ்கெட்ஸை நான் முதலில் விரும்பியதும் இந்த மனநிலையில்தான் என்று நினைக்கிறேன். அவர் என் வயதுக்காரர். நட்சத்திரங்களின் அணியில் ஒரு குமாஸ்தா.

ஆனால் இந்த விருப்பத்தில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. காணப்படாதவனைப் புகழும்போது, காணப்படாத நம்மையும் சேர்த்தே புகழ்ந்துகொள்கிறோம். அவரிடம் இருந்தது அபார ஆற்றல். அது மற்றவர்களின் ஆட்டத்தில் கரைந்துபோனதால் கண்ணுக்குத் தெரியவில்லை. நம்மிடம் ஆற்றல் இருக்கிறதா என்பதே இன்னும் தீராத வழக்கு. தெரியாமலிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரு வரிசையில் நிறுத்துவது சரியான தர்க்கம் அல்ல.

3

இனி 2010 ஏப்ரல் 28க்கு வருகிறேன். பார்ஸிலோனாவின் காம்ப் நூ மைதானம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். எதிரணி மொரின்யோவின் இன்டர் மிலான். எட்டு நாள் முன்பு மிலானில் நடந்த முதல் ஆட்டத்தில் இன்டர் 3-1 என்று ஜெயித்திருந்தது. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பிய வானத்தில் விமானங்கள் பறக்காத நாட்கள். பார்ஸிலோனா அணி அந்த ஆட்டத்துக்கு பஸ்ஸில் போயிருந்தது. இப்போது சொந்த மைதானத்தில் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டும்.

28வது நிமிஷம். பந்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்கிற இன்டரின் தியாகோ மொட்டா கையைப் பின்னால் நீட்டுகிறார். கை புஸ்கெட்ஸின் மேல் படுகிறது. பட்டது உண்மை. புஸ்கெட்ஸ் முகத்தைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து புரளுகிறார். நடுவர் சிவப்பு அட்டையை எடுக்கிறார். காமிரா கீழே கிடப்பவரின் அருகில் போகிறது. முகத்தை மூடிய கைகள் ஒரு கணம் சற்றே விலகுகின்றன. நடுவில் ஒரு கண். அந்தக் கண் நடுவர் இருக்கும் திசையைப் பார்க்கிறது. மறுபடி கைகள் மூடிக்கொள்கின்றன.

அவ்வளவுதான். ஒரு விநாடிக்கு மேல் இருக்காது. உலகம் அதை ஆயிரம் தடவை திருப்பிப் போட்டுச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கண்ணை நான் அடையாளம் கண்டுகொண்டதுதான் காரணம். பந்து வருமுன் தலையைத் திருப்பி மைதானத்தை வாசிக்கிற அதே கண்தான் அது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஒரு விநாடியில் என்ன நடக்கும் என்பதை அறிந்துகொள்ளும் அதே சாமர்த்தியம். எந்தக் குணத்துக்காக அவரை மதித்தேனோ அதே குணம் வேறு காரியத்தில் இறங்கியிருந்தது. அயோக்கியத்தனத்துக்கு அவர் தனியாக வேறொரு கண் வைத்திருக்கவில்லை.

ஏமாற்றுவது தவறு என்று ஒரே வரியில் இதைத் தீர்த்துவிட முடியாது. ஏமாற்று இல்லாமல் கால்பந்து ஒரு நிமிஷம் நகராது. இடப்பக்கம் சாய்வதுபோல் தோளை அசைத்து வலப்பக்கம் திரும்புவது புஸ்கெட்ஸின் பிரத்யேக வித்தை. எதிரியை வேண்டுமென்றே அருகில் வரவிட்டு, அவன் கால் நீளும்போது உள்ளங்காலால் பந்தை இழுத்து அவனைத் தாண்டி அனுப்புவார். பொய்தான் அது, உடம்பால் சொன்ன பொய். அதை அழகு என்கிறோம். அப்படியானால் தரையில் கிடந்து சொன்ன பொய்யை ஏன் அசிங்கம் என்கிறோம்? இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது?

பொய் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதில்தான் கோடு விழுகிறது என்று எனக்குப் படுகிறது. எதிராளி ஏமாறவும் ஏமாற்றவும் சம்மதித்தே மைதானத்துக்குள் வந்திருக்கிறான். அவனும் அதே வித்தையை இவரிடம் காட்டலாம். இன்று ஏமாந்தவன் நாளை தேறலாம். இந்தப் பொய் அவனை மேலும் நல்ல ஆட்டக்காரனாக்கவும் கூடும். நடுவர் போட்டிக்கு வந்தவர் அல்ல. பதில் வித்தை காட்ட அவரிடம் பந்து இல்லை. அவரிடம் இருப்பது ஒன்றுதான்: கண்ணால் கண்டதை நம்புவது. அதையே கருவியாக்கிக்கொள்ளும்போது ஆடுகளத்தைத் தாங்கும் தரையையே தோண்டி எடுத்தாகிறது. அதைவிட முக்கியம் வேறொன்று. வலி என்பது ஆட்டத்துக்குச் சொந்தமான சமிக்ஞை அல்ல. முகத்தை மூடிக்கொண்டு விழுந்தவனை நோக்கி மற்றவன் ஓடிவர வேண்டும் என்பது எந்த விதிப்புத்தகத்துக்கும் முந்தியது. அங்கே பொய் சொன்னால் நஷ்டம் அடுத்த முறை நிஜமாகவே அடிபட்டு விழுகிறவனுக்கு. அவன் புரளும்போது பத்தாயிரம் பேர் விரலிடுக்கைத் தேடுவார்கள்.

ப்ளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் க்ளாக்கன் ஒரு மோதிரத்தின் கதையைச் சொல்கிறான். கல்லை உள்பக்கமாகத் திருப்பினால் அணிந்தவன் மறைந்துபோவான். இடையன் ஒருவனுக்கு அது கிடைக்கிறது. மறைந்துநின்று அரசனைக் கொன்று அரசாட்சியை எடுத்துக்கொள்கிறான். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் எவன் நியாயமாக இருப்பான் என்பது க்ளாக்கனின் சவால். புஸ்கெட்ஸின் விஷயத்தில் இந்தக் கதை தலைகீழாகிறது. வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் உழைத்தவர், தப்புச் செய்யத் தீர்மானித்த கணத்தில் பார்க்கப்பட விரும்பினார். முகத்தை மூடிக்கொண்டதே தன்னைக் காட்டிக்கொள்வதற்காக. இடையனின் களவுக்கு இருட்டு வேண்டும். இந்த வகை மோசடிக்குச் சாட்சி வேண்டும். சாட்சி பார்க்கவில்லை என்றால் முழு உழைப்பும் வீண்; ஆகவே அவன் பார்க்கிறானா என்று பார்த்தாக வேண்டும். ஒரே தொடுகையில் சாவிக்குப் போகும் பந்துக்கு இந்தக் கவலை இல்லை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது போய்ச்சேருகிறது.

4

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது.

முதலாவது, எல்லோரும் செய்வதுதானே என்பது. உண்மை. அதே இரவில், அதற்கு முன்னும் பின்னும், பல அணிகளின் பலர் இதைச் செய்திருக்கிறார்கள். காமிராவில் கண் சிக்காததால் அவர்கள் பெயர் கெடவில்லை. ஆனால் எல்லோரும் செய்வதால் ஒரு காரியம் சகஜமாகுமே தவிர நியாயமாகாது. அத்துடன், எல்லோரையும்போல இருப்பவர் என்பதற்காக யாரும் புஸ்கெட்ஸைக் கொண்டாடவில்லை.

இரண்டாவது, பலன் ஒன்றும் கிடைக்கவில்லையே என்பது. பத்து பேரோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இன்டர் சுவராக நின்றது. பார்ஸிலோனா 84வது நிமிஷத்தில் பிக்கே அடித்த ஒரு கோலோடு நின்றுவிட்டது. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 3-2. போனது இன்டர்தான். பொய்யர்களுக்குத் தண்டனை கிடைத்தது என்று நீதிக்கதைப் பிரியர்கள் அப்போது சந்தோஷப்பட்டார்கள். எனக்கு இந்தச் சந்தோஷம் அருவருப்பாக இருக்கிறது. பார்ஸிலோனா ஜெயித்திருந்தால் மட்டும் அந்தக் காரியம் வேறாகியிருக்குமா? மேலும் பலன் இல்லை என்பதே சரியல்ல. மே 22ல் மாட்ரிட்டில் நடந்த இறுதியாட்டத்தில் இன்டர் கோப்பையை வென்றது. சிவப்பு அட்டையின் காரணமாக மொட்டா அதில் ஆடவில்லை. ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் ஒரு ஆட்டக்காரனின் ஆயுளில் எத்தனை தடவை வரும்? அந்தக் கை புஸ்கெட்ஸின் மேல் பட்டதற்கு ஏதோ ஒரு அட்டை நியாயம்தான் என்று வாதிடலாம். அந்த நியாயத்தைத் தீர்மானிக்கிற இடத்தில் இருந்தவர் பார்வையை ஒரு நடிப்பு மறித்தது என்பதை வாதிட்டு மறைக்க முடியாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. ஒரு விநாடியை எடுத்துக்கொண்டு ஒரு ஆயுளை எடைபோடலாமா? எழுநூற்றுச் சொச்சம் ஆட்டங்களை எதிர்த்தட்டில் வைக்க வேண்டாமா?

இங்கே நான் என் தொழிலிலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் அவருடைய சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்து ஈடுகட்டிக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. பணத்துக்கு முகம் கிடையாது. எந்தக் கணக்கின் நூறு ரூபாயும் நூறு ரூபாய்தான். செயல்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. ரோமில் ஆடிய அற்புதமான ஆட்டம் மொட்டாவுக்கு எந்தக் கடனையும் தீர்க்காது. அதேபோல காம்ப் நூவில் விரல் விலகிய கணம் ரோமின் ஆட்டத்திலிருந்து ஒரு பைசாவையும் கழிக்காது. இரண்டு கணக்கும் நிலுவையில் தனித்தனியாகத்தான் நிற்கும். நிகர இருப்பு என்ன என்று கேட்கிறவன் மனிதனைப் பார்க்கவில்லை. தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருக்கிறான்.

5

அந்த ஏப்ரல் இரவுக்கு 74 நாள் கழித்து, ஜூலை 11ல், ஜோகன்னஸ்பர்கில் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது. 116வது நிமிஷத்தில் இனியெஸ்டாவின் கோல். புஸ்கெட்ஸ் நடுவில் நின்றார். ஆனால் ஜூன் 16ல் முதல் ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்றபோது பத்திரிகைகளின் விரல் முதலில் நீண்டது இவர் பக்கம்தான். ஷாபி அலோன்ஸோ இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று கேட்டார்கள். டெல் போஸ்க் அசையவில்லை. தான் ஆட்டக்காரனாக இருந்தால் புஸ்கெட்ஸைப் போலவே இருக்க விரும்புவேன் என்றார். காணப்படாத உழைப்புக்கும் யாராவது ஒருவன் கண் வேண்டியிருக்கிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரம் கண்கள் வேண்டாம். விஷயம் தெரிந்த ஒரு கண். அது இல்லாதிருந்தால் அவர் இரண்டாம் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாமும் இன்று பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

எலியட்டின் உவமை எங்கே போதாமல் போகிறது என்பதும் பின்னாளில் தெரிந்தது. பிளாட்டினம் மாறுவதில்லை. மனிதன் மாறுகிறான்; சுற்றியிருக்கும் வாயுக்களும் மாறுகின்றன. 2015ல் சாவி போனார். 2018ல் இனியெஸ்டா போனார். முன்னால் இருப்பவர்கள் ஓடி நெருக்குவதை நிறுத்தியதும் புஸ்கெட்ஸுக்கு முன்னும் பின்னும் வயல்வெளிபோல் இடம் திறந்தது. அதை ஓடி அடைக்க அவர் கால்களுக்கு ஒருநாளும் வேகம் இருந்ததில்லை. 2019ல் லிவர்பூலில் 4-0. 2020 ஆகஸ்ட் 14ல் லிஸ்பனில் பாயர்ன் மியூனிக்கிடம் 8-2. அந்த இரவுகளில் அவர் நன்றாகவே கண்ணில் பட்டார் - யாரோ தாண்டி ஓடிய பின், திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவராக. அவருடைய பார்வை மங்கிவிடவில்லை என்றே நினைக்கிறேன். ஒருவனின் ஒழுங்கு எத்தனை பேருடைய ஒழுங்கில் சாய்ந்து நிற்கிறது என்பது அப்போது தெரியவந்தது. சுயத்தை அழித்துக்கொண்ட கலைஞன் என்று நாம் தனியாகத் தூக்கிவைக்கிறவனுக்கும் சுவர்கள் உண்டு. சுவர் விழுந்தால் அவனும் தெரிவான்.

மெஸ்ஸி போன பின் 2021ல் பார்ஸிலோனாவின் தலைமை அவருக்கு வந்தது. ஸ்பெயினின் தலைவராகத்தான் 2022ல் கத்தாருக்குப் போனார். டிசம்பர் 6. மொராக்கோவுக்கு எதிராக 120 நிமிஷம் கோல் இல்லை. பெனால்டி உதைகள். ஸராபியாவின் உதை கம்பத்தில் பட்டது. சோலரின் உதையைக் கோல்கீப்பர் யாஸின் பூனூ தடுத்தார். மூன்றாவதாக வந்தவர் புஸ்கெட்ஸ். வாழ்நாள் முழுக்க ஸ்பெயினுக்காக இரண்டே கோல் அடித்த மனிதர். நடுவட்டத்திலிருந்து அந்தப் புள்ளி வரை தனியாக நடக்க வேண்டும். அங்கே சாவி இல்லை. கொடுத்துவிட்டு மறைந்துகொள்ள யாரும் இல்லை. பூனூ அதையும் தடுத்தார். ஸ்பெயின் ஒரு உதையைக்கூட உள்ளே போடாமல் வெளியேறியது. பத்து நாள் கழித்து அவர் தேச அணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துக் கட்டி, 2010ல் மூடிய முகம் 2022ல் திறந்தது, பாவம் கழுவப்பட்டது என்று எழுத எனக்குக் கை வரும். எழுதினால் கட்டுரைக்கு ஒரு வடிவமும் கிடைக்கும். ஆனால் அது பொய். பெனால்டியைத் தவறவிட்டது பிராயச்சித்தம் அல்ல. அது ஒரு தவறிப்போன உதை, அவ்வளவுதான். இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே இருக்கும் சம்பந்தம் ஒன்றே ஒன்று: இரண்டிலும் இருந்தது ஒரே மனிதர். முன்னதில் அவர் பார்ப்பவர்களுக்காக ஒன்றைச் செய்தார். பின்னதில் உலகமே பார்த்துக்கொண்டிருக்க, செய்ய வேண்டியதைச் செய்யப் போனார், முடியவில்லை. பின்னதை மதிக்க முன்னதை மன்னிக்க வேண்டியதில்லை.

2023ல் அவர் அமெரிக்காவில் மயாமி நகரத்து அணிக்குப் போய் மறுபடி மெஸ்ஸியோடு ஆடினார். 2025 பருவம் முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

6

தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். காணப்படாமல் இருப்பது நேர்மைக்கு அத்தாட்சி ஆகாது. அது ஒரு நிலைமை, குணம் அல்ல. பதுங்கியிருப்பவனும் காணப்படுவதில்லை, சோம்பேறியும் காணப்படுவதில்லை. புஸ்கெட்ஸின் உழைப்பில் நான் மதிப்பது அது தெரியாமலிருந்ததை அல்ல. அவர் கண் அப்போது எங்கே இருந்தது என்பதைத்தான். அது பந்தை வாங்கப்போகிறவனின் மேல் இருந்தது. உடம்பால் பொய் சொல்லும்போது எதிராளியின் மேல் இருந்தது. இரண்டிலும் ஆட்டத்துக்குள் இருந்தது. விரலிடுக்கில்தான் அது ஆட்டத்தை விட்டு வெளியே போனது.

எழுதுகிறவனுக்கும் இந்த மூன்று திசைகள் உண்டு. எழுதும் பொருளைப் பார்க்கலாம். தன்னோடு மல்லுக்கு நிற்கும் இன்னொரு எழுத்தைப் பார்க்கலாம். அதிலும் கௌரவம் உண்டு. மூன்றாவதாக, வலி தாங்காதவனைப்போலக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, விமர்சகன் பார்க்கிறானா, பரிசுக் குழு பார்க்கிறதா, வேறு எவரும் இல்லையென்றால் சக சிற்றேட்டுக்காரனாவது பார்க்கிறானா என்று பார்க்கலாம். புறக்கணிக்கப்பட்டவனின் வேதனை நம் பக்கங்களில் நிறைய எழுதப்படுகிறது. அதில் நிஜமான அடியும் இருக்கிறது. மொட்டாவின் கை பட்டது நிஜம் என்பதைப்போல. பட்டதற்கும் புரண்டதற்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு என்பதுதான் பிரச்னை. வெளியிலிருப்பவர்களால் அதை அளக்க முடியாது. நமக்குக் காமிரா வைக்க யாரும் வரப்போவதில்லை. நம் மைதானத்துக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. கைகளுக்குப் பின்னால் தன் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது அவரவருக்குத்தான் தெரியும்.